தங்கத் துடுப்பும் ஒரு ரீசேட்டும்

எனக்குக் கோபம் வருகிற விஷயங்கள் பல. அதில் முதலாவது, ஊற்றி வைத்த தேத்தண்ணீரை ஆறவிடுவது. அடுப்படியில் வேர்க்க வேர்க்க நின்று ஊற்றிக்கொண்டு வந்து வைக்க, குடிக்கிறவர் அதைத் திரும்பியும் பார்க்காமல் இருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பி இதற்காக என்னிடம் வாங்காத ஏச்சு இல்லை. சனிக்கிழமைப் பின்னேரங்களில் அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் எங்கள் முன்னறையில் ரீவிக்கு முன்னால் குந்திக்கொண்டு கேம் விளையாடுவார்கள். கூட்டாளிகளில் ஒருவனுக்கு வங்கியில் வேலை. மற்றவன் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறான். மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், முப்பது வயது தாண்டியும் அந்த வகுப்பை விட்டு வெளியே வராதவர்கள். நான் வைத்த மூன்று கோப்பையும் ஆறி ஏடு படர்ந்து கிடக்கும்.

"இனிமேல் உங்களுக்குப் பச்சைத்தண்ணிதான். மாடுகளுக்கு என்னத்துக்குத் தேத்தண்ணி?" என்று கத்துவேன்.

"இந்தா அக்கா, இந்தா குடிக்கிறம்" என்பார்கள். கை கொன்ரோலரில் இருக்கும், கண் திரையில் இருக்கும், வாய் மட்டும் எனக்குப் பதில் சொல்லும்.

அப்பாவும் அம்மாவும் போனபிறகு உரும்பிராய் வீட்டில் நானும் தம்பியும்தான். எனக்கும் அவனுக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். நான் கலியாணம் செய்யவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, சரிவரவில்லை, அவ்வளவுதான். ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினெட்டு வருடமாக அரிசி, பருப்பு, சீனி நிறுத்துக் கொடுக்கிறேன். தம்பிக்கு அச்சுவேலியில் ஒரு நில அளவையாளரிடம் காணிப் படம் கீறுகிற வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அங்கிருந்து மழைக்குள் வரும்போது அவனுடைய மோட்டார் சைக்கிள் வழுக்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. தோளிலிருந்து வலக்கைக்குப் போகிற நரம்புகள் அறுந்துவிட்டன. கை இருக்கிறது. ஆனால் அது எதையும் பிடிக்காது, சுடுகிறதா குளிர்கிறதா என்றும் அதற்குத் தெரியாது.

ஆறு மாதத்தில் இடக்கையால் எழுதப் பழகினான். இடக்கையாலேயே கணினியில் படம் கீறப் பழகி வேலைக்கும் திரும்பிப் போனான். கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "ஓம், அவன் தேறிட்டான், சம்பளமும் குறைக்கேல்லை" என்று நானே பெருமையாகச் சொல்வேன். கெட்டிக்காரன் என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விபத்துக்குப் பிறகு கூட்டாளிகள் முதன்முதல் வந்த சனிக்கிழமை எனக்கு நல்ல ஞாபகம். வாழைத்தோட்டக்காரன் பழைய பழக்கத்தில் அலுமாரியைத் திறந்து மூன்று கொன்ரோலரையும் எடுத்துவிட்டான். ஒன்றை வங்கிக்காரனிடம் கொடுத்தான். ஒன்று தன் கையில். மூன்றாவதை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். தம்பி, "நீங்கள் விளையாடுங்கோடா, நான் பாக்கிறன்" என்றான். அவர்கள் கால் மணித்தியாலம் விளையாடினார்கள். பிறகு யாரும் அந்த அலுமாரியைத் திறக்கவில்லை. வருவார்கள், மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் கதைப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், போவார்கள். கிழமைக்கு ஒருமுறை என்பது மாதத்துக்கு ஒருமுறை ஆனது. தேத்தண்ணீரை மட்டும் சூட்டோடு குடித்தார்கள். எனக்கு ஏசுவதற்கு ஒரு சாட்டும் இருக்கவில்லை.

தம்பியும் மாறிப்போனான். தேத்தண்ணீர் கொடுத்தால், "தாங்ஸ் அக்கா" என்பான். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதுவரை என்னை நீ, வா, போ என்று சண்டை பிடித்தவன், ஆஸ்பத்திரியில் தாதியிடம் கதைக்கிறமாதிரி "வையுங்கோ, விடுங்கோ, நான் பாக்கிறன்" என்று மரியாதையாகக் கதைக்கத் தொடங்கினான். ஒரு வீட்டுக்குள் இவ்வளவு மரியாதை நல்லதல்ல.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. வேலை முடிந்து வந்து சமையல் நிகழ்ச்சி பார்ப்போம் என்று நான் ரீவியைப் போட்டால், கடைசியாகப் பார்த்தது என்று ஒரே படம்தான் மேலே நிற்கும். ஒரு படகு, கறுத்த கடல், மூன்று பேர். ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். இன்னும் வெளிவராத ஒரு கேமின் விளம்பரம் அது. ஒருவர் படகைத் திருப்ப, ஒருவர் பாயை இழுக்க, ஒருவர் தண்ணீர் இறைக்க, மூன்று பேரும் சேர்ந்து புயலுக்குள்ளால் கரை சேரவேண்டும். கடைசியில் ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு ஒரு கைதான். மடியில் கொன்ரோலரை வைத்து அந்த ஒரு கையாலேயே விளையாடிச் சிரிக்கிறாள். ஒரு கையாலும் விளையாடலாம் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என் ஆங்கிலம் சீனிப் பை வாசிக்கிற அளவுதான், ஆனால் அது எனக்கு விளங்கியது. தம்பி இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான் என்பதும் விளங்கியது.

"உந்தப் படகுக் கேமை எடுப்பமே?" என்று சோறு போடும்போது சும்மா கேட்கிறமாதிரிக் கேட்டேன்.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. "வேண்டாமக்கா. இன்னும் வரேல்லை. இப்ப எடுக்கிறதெண்டால் முன்னுக்குக் காசு கட்டோணும்."

"கட்டினால் என்ன?"

"உவங்கள் வீடியோவிலை காட்டுறது ஒண்டு, பேந்து தாறது ஒண்டு. முந்தி ஒருக்கா நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து காசு கட்டி ஒரு பந்தடிக் கேம் எடுத்தனாங்கள். வந்து போட்டால் ஓடுறவங்களுக்கு முகமே இல்லை. வெறுந் தலை. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் முகம் வந்தது. வரட்டும், வாங்கினவை என்ன சொல்லுகினம் எண்டு பாத்துப்போட்டு எடுப்பம்."

எவ்வளவு புத்தியான பேச்சு! இதே புத்தியைத்தான் நான் கடையில் பதினெட்டு வருடமாகச் சனத்துக்குச் சொல்கிறேன். தராசைப் பார்க்காமல் காசை நீட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. "முள்ளைப் பாருங்கோ அண்ணை, பேந்து வந்து குறை எண்டு என்னோடை சண்டைக்கு நிக்காதையுங்கோ" என்பேன். அப்படிப்பட்ட நான், அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, தம்பிக்குச் சொல்லாமல் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். எனக்குப் பொறுமை என்ற சாமான் பிறவியிலேயே தரப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட, மாடியில் ஒரு கடை. கேம் டிஸ்க்குகளும் கொன்ரோலர்களும் விற்கிற, திருத்துகிற சின்ன இடம். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல முகம்.

"பதினைஞ்சு பெட்டிதான் அக்கா கொழும்பாலை வருது. இப்ப கட்டினால்தான் நிச்சயம். முன்னுக்குக் கட்டுற ஆக்களுக்குப் போட ஒரு ரீசேட்டும் ஒரு தங்கத் துடுப்பும் இருக்கு."

"தங்கத் துடுப்போ? அதை நான் எங்கை வைக்கிறது?"

"அது கேமுக்குள்ளை அக்கா." அவர் சிரிக்காமல் சொன்னார், பாவம்.

"ஒரு கையாலை விளையாடலாமோ? அதைச் சொல்லுங்கோ."

"வீடியோவிலை போட்டிருக்கிறாங்கள் அக்கா."

இப்போது யோசித்தால், அந்த மனிதர் ஓம் என்று சொல்லவே இல்லை. நான்தான் ஓம் என்று கேட்டுக்கொண்டேன். பையைத் திறந்து முழுக் காசையும் எண்ணி வைத்தேன். பெட்டி பழுதாகாமல் இருந்தால் ஒரு கிழமைக்குள் திருப்பி எடுப்பேன் என்று சொல்லித் துண்டு எழுதித் தந்தார். இனி நிச்சயம் என்ற நிம்மதியோடு படி இறங்கினேன். கையில் ஒன்றும் இல்லாமல் ஒரு கடையிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக நான் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

நல்லூர்த் தேர் முடிந்து ஒரு கிழமையால், ஒரு வெள்ளிக்கிழமை, பெட்டி வந்துவிட்டது என்று போன் வந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தேன். தடித்த மட்டையில் செய்த அழகான பெட்டி, மேலே நீலக் கடல். வீட்டுக்குப் புதிதாக ஒரு சாமான் வந்தால், அது மோட்டார் சைக்கிளோ மிக்ஸியோ, நேரே சாமியறைக்குப் போவதுதான் எங்கள் வழக்கம். தண்ணீரில் குழைத்த திருநீற்றில் மூன்று குறி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம் என்று பெட்டியின் நெற்றியில் வடிவாக வைத்தேன். செவ்வரத்தம்பூ ஒன்றும் வைத்து, கற்பூரம் காட்டி, "பிள்ளையாரே, என்ரை பிள்ளை விளையாடோணும்" என்று கும்பிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேருக்கும் போன் எடுத்து, நாளைக்குக் கட்டாயம் வாருங்கோ என்று ரகசியமாகச் சொன்னேன்.

சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் நாலு பேரும் முன்னறையில். நான் பெட்டியைக் கொண்டுவந்து தம்பியின் மடியில் வைத்தேன். அவன் பெட்டியைப் பார்த்தான், அதன் குங்குமத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் வேண்டாமெண்டெல்லோ சொன்னனான்" என்றான். ஆனால் அவனுடைய காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலும் சந்தோஷம் வந்தால் அவனுக்குக் காதுதான் சிவக்கும். வாழைத்தோட்டக்காரன் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தான்.

டிஸ்க்கைப் போட்டு, அது உள்ளே ஏறி முடியும்வரை ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். கேம் தொடங்கியது. தம்பி இடக்கையால் விளையாட்டின் அமைப்புகள் இருக்கிற பக்கத்துக்குப் போனான். ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினான். ஒரு கை என்ற வரி இருந்தது. மற்ற வரிகள் வெள்ளை, அது சாம்பல். பக்கத்தில் சின்ன எழுத்தில் "விரைவில்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவன் பட்டனை அமத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அமத்தினான். இன்னொரு தடவை அமத்தினான்.

"அப்டேற் வரும் மச்சான்" என்றான் வங்கிக்காரன். "இன்ரநெற்றாலை அனுப்புவாங்கள்."

"ஓம், வரும்" என்றான் தம்பி. காதில் சிவப்பு இல்லை. "பறவாயில்லை, நீங்கள் விளையாடுங்கோ."

அவர்கள் விளையாடவில்லை. நான் ஊற்றிய தேத்தண்ணீரைச் சூட்டோடு குடித்துவிட்டு, தோட்டத்தில் தண்ணீர் இறைக்கவேணும், அம்மாவைக் கோயிலுக்கு ஏற்றிப்போகவேணும் என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி எழும்பிப் போனார்கள். கோப்பைகளை எடுக்க நான் போனபோது தம்பி சொன்னான், "தாங்ஸ் அக்கா. நீங்கள் கவலைப்படாதையுங்கோ." அந்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தன்பாட்டில் இருந்தான். அந்த ஆசையை அவனுடைய மடியில் கொண்டுபோய் வைத்துப் பிறகு பறித்தது நான்தான்.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனதும் டிஸ்க்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சீலைப் பைக்குள் வைத்து, திரும்ப பஸ் ஏறினேன். பஸ்ஸில் போகும்போதே என்ன என்ன சொல்லி ஏசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதில் பாதி மறந்துபோனது.

"இந்தாரும் உம்மடை பெட்டி" என்று மேசையில் வைத்தேன். "என்ரை காசைத் தாரும்."

கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சரித்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சரித்துப் பார்த்தார்.

"அக்கா, இது பூசை செய்த பெட்டி."

"அதுக்கென்ன?"

"இதை நான் திருப்பிக் கொழும்புக்கு அனுப்போணும் அக்கா. நெற்றியிலை சந்தனப் பொட்டோடை போனால் எடுப்பாங்களோ?"

"பெட்டி பழுதாகாமல் எண்டுதானே சொன்னனீர்? சாமிக்குக் காட்டினது பழுதோ?"

அவர் ஒரு துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தார். திருநீறு போனது. சந்தனமும் ஒருமாதிரிப் போனது. குங்குமம் மட்டும் நீலக் கடல் முழுக்க ரோஸ் நிறத்தில் இழுபட்டது. துடைக்கத் துடைக்கக் கூடியது. கடைசியில் அவர் துணியை வைத்துவிட்டு, "நீங்கள் நாலாவது ஆள் அக்கா" என்றார். "மற்ற மூண்டு பேர் வேறை குறை சொல்லிக் கொண்டந்தவை. நானும் பதினைஞ்சு பெட்டிக்கு முழுக் காசையும் முன்னுக்குக் கட்டித்தான் எடுத்தனான். எனக்கும் அந்த வீடியோதான் தெரியும். கம்பனி இப்ப அறிக்கை விட்டிருக்கு. நேரம் காணாமல் போச்சாம், மன்னிக்கட்டாம்."

"நேரம் காணேல்லையோ? நான் அரிசி நிறுக்க நேரம் காணேல்லை எண்டு வெறும் பையைக் குடுத்துக் காசை வாங்கினால் சனம் என்னை விடுமோ? விளக்குமாத்தோடை வராதோ?"

"வரும் அக்கா."

மனிதர் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசாதவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? எனக்குக் கோபம் வந்தால் கூடவே அழுகையும் வரும், அது என் பலவீனம். "ஆருக்கு அக்கா எடுத்தனீங்கள்?" என்று அவர் கேட்டதும் வந்துவிட்டது. தம்பியின் கையைப் பற்றி, சனிக்கிழமைகளைப் பற்றி, அலுமாரிக்கு முன்னால் மூன்றாவது கொன்ரோலரோடு நின்ற பொடியனைப் பற்றி எல்லாம் சொன்னேன். கடைக்கு வந்த இன்னும் இரண்டு பேரும் நின்று கேட்டார்கள். கடைக்காரர் என் பக்கத்தில் கதிரையைத் தள்ளி வைத்தார். தன் கைக்காசில் பாதியைத் தருகிறேன் என்றார். ஏறத்தாழ என்னைப்போலவே ஏமாந்த ஒரு மனிதரிடம் அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் தம்பி எனக்கு முதல் வந்து நின்றான். பெட்டியைத் தேடியிருக்கிறான். என் கையில் பையைக் கண்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கடைக்கோ கொண்டுபோனீங்கள்?"

"ஓம். சும்மா விடுறதே? நல்லாக் கேட்டன்."

"என்ன சொல்லிக் கேட்டனீங்கள்?"

நான் பையை மேசையில் வைக்கிற சாட்டில் முகத்தைத் திருப்பினேன். அதுவே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"கையைப் பற்றிச் சொன்னனீங்கள், என்ன? உங்கடை காசு, நீங்கள் கேக்கலாம். ஆனால் கை என்ரையெல்லோ? உங்கடை கோவத்துக்கு என்ரை கையைக் கடை கடையாக் கொண்டுபோய்க் காட்டாதையுங்கோ!"

என் வாழ்க்கையில் யாரும் என்னை வெறும் சொல்லால் அப்படி அறைந்ததில்லை. அவன் சொன்னது முழு உண்மை. உண்மை சுட்டால் எனக்குச் சத்தம்தான் வரும்.

"அப்ப விளையாடடா!" என்று கத்தினேன். "வாங்கினதுக்கு நீ விளையாடத்தான் வேணும்! போடு!"

"எப்பிடி? எப்பிடி விளையாடுறது?"

"உனக்கு இடக்கை இருக்கு. வலக்கைக்கு நான் இருக்கிறன். எதை அமத்தோணும் எண்டு சொல்லு, அமத்துறன்!"

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. தோற்கிற சண்டையில் கடைசியாக வாயில் வந்ததைச் சொன்னேன். ஆனால் சொன்னபிறகு இரண்டு பேருக்கும் பின்வாங்க முடியவில்லை. அவன் கடுகடுத்த முகத்தோடு டிஸ்க்கைப் போட்டான். நான் அவனுடைய வலப்பக்கத்தில் போய் இருந்தேன். எங்களுக்கு நடுவில் கிடந்த அந்தக் கையைத் தூக்கி மெதுவாக அவனுடைய மடியில் வைத்தேன். கொன்ரோலரின் இடப்பக்கம் அவனுடைய பிடியில், வலப்பக்கம் என் பிடியில்.

"மேல் பட்டன் பாய். கீழ் பட்டன் தண்ணி இறைக்க. மற்றது வலை. நான் திருப்புவன்."

படகு கரையை விட்டு வெளிக்கிட்டு ஒரு நிமிடம் ஆகவில்லை, கவிழ்ந்தது. அடுத்த தடவையும் கவிழ்ந்தது. முழங்கால் அளவு தண்ணீரில் கூடக் கவிழ்த்தோம். அவன் முதலில் "மேலை அமத்துங்கோ அக்கா, கீழை அமத்துங்கோ" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவதோ ஆறாவதோ தடவை, அலை வரும்போது அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"தண்ணியை இறை! இறையெண்டால் வலையை வீசுறாய்! உனக்குக் கண் தெரியாதே? விசரி!"

விசரி என்று என்னைச் சொல்லிவிட்டான். ஒன்றரை வருடத்துக்கு மேலாக இந்த வீட்டில் கேட்காத சொல். எனக்கு வந்த சந்தோஷத்தில் திரும்பவும் பிழையான பட்டனை அமத்தினேன், படகு மூழ்கிப்போனது. "நீதானடா பாறையிலை கொண்டுபோய் விட்டனீ" என்று நானும் கத்தினேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்த சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்குக் கூட்டாளிகளைத் தம்பியே கூப்பிட்டான். பிறகு வந்த மாதங்களில் அந்தப் படகில் மூன்று பேருக்கு நாலு பேர். வங்கிக்காரன் பாய், வாழைத்தோட்டக்காரன் துடுப்பு, தம்பியும் நானும் சேர்ந்து ஒரு ஆள். தேத்தண்ணீர் ஊற்றுகிறவள் கடலில் நின்றதால் சனிக்கிழமைகளில் தேத்தண்ணீர் இல்லை, வங்கிக்காரன் சோடா வாங்கி வந்தான். தங்கத் துடுப்பையும் போட்டுப் பார்த்தோம். மரத் துடுப்பு போகிற வேகம்தான் அதற்கும், மினுங்குவது மட்டும் அதிகம். ரீசேட் மூன்று பேர் நுழையக்கூடிய அளவு. தலையால் மாட்டுகிற சட்டை தம்பிக்குக் கஷ்டம் என்பதால் அதைக் கேம் மெஷினுக்குத் தூசி படாமல் போர்த்திவிட்டேன். கடையில் பெண்கள், "சங்கக்கடை அக்கா கேம் அடிக்கிறாவாம்" என்று கேலி பண்ணினார்கள். "ஓம், நேற்றுப் புயலுக்குள்ளாலை வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்துக் கொடுத்தேன். எனக்குச் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கத் தொடங்கியது.

தைப்பொங்கலுக்குச் சாமான் வாங்க யாழ்ப்பாணம் போன நாள், அந்த மாடிக்கடையை எட்டிப் பார்த்தேன். அதே நீலக் கடல் பெட்டி, தட்டில் அடுக்கி வைத்திருந்தது. விலை பாதிக்குப் பாதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா!" என்று கடைக்காரர் எழும்பி வந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம். "ஒரு கை வந்திட்டுது, தெரியும்தானே? அப்டேற் வந்து ரெண்டு கிழமை. நல்லாச் செய்திருக்கிறாங்கள். தம்பி விளையாடுறாரோ?"

ஓம் என்று பொய் சொல்லிவிட்டு இறங்கினேன். பஸ்ஸில் இருந்து யோசித்தேன். இதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். கோண்டாவில் சந்தி வரும்வரை, தம்பிக்குச் சொல்லாமல் விடலாமோ என்றுதான் யோசித்தேன். சொன்னால் சனிக்கிழமை எனக்கு அந்த வலப்பக்கத்தில் என்ன வேலை? பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகக் கேம் போட்டதும் திரையில் ஒரு கட்டம் வந்து ஏதோ கேட்கும். தம்பி நான் வாசிக்க முதல் அதைத் தள்ளிவிடுவான். என்னவென்று கேட்டதற்கு, "சும்மா விளம்பரம்" என்றான்.

வீட்டுக்கு வந்து பையை வைக்காமலே கேட்டேன். "அந்தக் கட்டம் என்ன கேக்குது?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "அப்டேற்."

"ரெண்டு கிழமையாத் தெரியுமோ உனக்கு?"

"ஓம்."

"பேந்து ஏன் போடேல்லை?"

"பேந்து போடுவம் எண்டு விட்டனான். இப்பவும் நல்லாத்தானே போகுது." என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "உனக்கும் சனிக்கிழமை ஒரு பொழுதுபோக்கு" என்றான்.

எனக்காக! இந்த மடையன் தன்னுடைய கையை எனக்காக இரண்டு கிழமை தள்ளி வைத்திருக்கிறான். அழுகை வந்தது, கோபம் முந்திக்கொண்டது. "என்ன பேந்து? நான் காசு கட்டினது எதுக்கடா? துடுப்புக்கோ? இப்ப போடு. நான் நிண்டு பாக்க இப்ப போடு!" என்று கத்தினேன். போட்டான்.

கேமுக்கு முன்னுக்குக் காசு கட்டலாமோ என்று இப்போது என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கடையில் கூட ஒரு தாய் மகனுக்காகக் கேட்டார். கட்டாதையுங்கோ என்றுதான் சொன்னேன். தை மாதம்வரை பொறுத்திருந்தால் பாதி விலைக்கு, சொன்னபடி, முழுதாக எடுத்திருக்கலாம். அந்தச் சனிக்கிழமை அவனுடைய காது வெளிறிப்போனதை நான் பார்க்கவேண்டி வந்திராது. அந்த நாலு மாதம் எனக்குக் கிடைத்ததற்கு அந்தக் கம்பனிக்காரரை நான் மெச்சமாட்டேன், அதை அவர்கள் விற்கவில்லை. வரட்டும், பாத்துப்போட்டு எடுப்பம் என்று தம்பி அன்றைக்குச் சோற்றுக்கு முன்னால் சொன்னதுதான் சரி.

அதற்கடுத்த சனிக்கிழமை கூட்டாளிகள் வந்தார்கள். தம்பி கொன்ரோலரை மடியில் வைத்து இடக்கையால் பிடித்தான். படகு வெளிக்கிட்டது. மூன்று பேர் விளையாடுகிற கேமை மூன்று பேர் விளையாடினார்கள். நான் கொஞ்ச நேரம் வலப்பக்கத்தில் நின்று பார்த்தேன். என் பெருவிரல் சும்மா துடித்துக்கொண்டு நின்றது. சந்தோஷமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது, இரண்டையும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றினேன். நாலு மாதத்துக்குப் பிறகு ஊற்றிய முதல் சனிக்கிழமைத் தேத்தண்ணீர்.

கொண்டுவந்து தம்பிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் திரும்பியும் பார்க்கவில்லை. காது இரண்டும் சிவந்திருந்தது.

"டேய், சூட்டோடை குடி" என்றேன்.

"பொறு அக்கா," என்றான், "கை வேலையாக் கிடக்கு."

நான் அவனுக்கு வலப்பக்கத்தில் கிடந்த கதிரையில் இருந்தேன். தேத்தண்ணீர் ஆறி, மேலே ஏடு படர்ந்தது. நான் ஏசவில்லை.